ஸ்வர்ணாவின் ஞாயிற்றுக்கிழமை வானொலி

பசுபதிக்கு மருந்து கம்பெனியில் வேலை கிடைத்ததும், அவன் மனைவி ஸ்வர்ணாவும் பின்னாலேயே அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்தாள். அவள் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? பக்கத்துக் கல்லூரியின் குட்டி வானொலி நிலையத்தில், சம்பளமில்லாமல், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்தினாள். ஊர்ச் செய்தி, பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து. கடைசியில் அவளே நாலு குரலில் பேசிப் பதிவு செய்த நாடகம்.

1997 செப்டம்பரில் ஒரு ஞாயிறு. நிலையப் பொறுப்பாளர் ராபர்ட் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கேட்பவர்கள் இருந்தால் போன் வர வேண்டும். இன்றும் வராவிட்டால் அடுத்த வாரம் முதல் இந்த நேரம் வேறொருவருக்கு.

ஸ்வர்ணா வெட்கத்தை விட்டு மைக்கில் கெஞ்சினாள். "தயவுசெஞ்சு ஒரு போன் பண்ணுங்க. இல்லேன்னா இதுதான் கடைசி நிகழ்ச்சி." எண்ணையும் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். செய்தி முடிந்தது, வாழ்த்து முடிந்தது, போன் மட்டும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

நாடக டேப்பை ஓடவிட்டதும் அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. "நான் போனைப் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ" என்றார் ராபர்ட். வெளியே காரில் காத்திருந்த பசுபதி அவள் முகத்தைப் பார்த்தான். "யாரு ஸ்வர்ணா ரேடியோ கேக்கறா? எல்லாரும் சண்டே லாண்ட்ரி பண்ணிண்டிருப்பா" என்று தேற்றப் பார்த்தான். அந்தத் தேறுதலுக்கு அவன் சும்மாவே இருந்திருக்கலாம்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கார் நுழைந்ததும் பசுபதி பிரேக்கை அழுத்தினான்.

நின்றிருந்த கார்களுக்குள்ளெல்லாம் ஆட்கள், எல்லாம் அந்த அபார்ட்மென்ட்டின் தமிழ்க் குடும்பங்கள். கண்ணாடிகள் இறங்கியிருந்தன. மடியில் குழந்தையோடு ஒருத்தி. டிக்கியைத் திறந்து வைத்து, அதில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் இருவர். யாரும் பேசவில்லை. எல்லாக் கார்களிலிருந்தும் ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. அது தன் குரல் என்று புரிய ஸ்வர்ணாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாராவாரம் இந்த நேரத்தில் நிலையத்தில் இருப்பவள், இதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

கீழ்வீட்டு மரகதம் ஆன்ட்டி ஒரு வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"வீட்டுக்குள்ள வெறும் இரைச்சல்தான் கண்ணு, ஒண்ணும் கேக்கறதில்ல. கார்லதான் நல்லா கேக்குது."

"ஆன்ட்டி... யாருமே போன் பண்ணலையே?"

"போன் பண்ண உள்ள போனா நாடகம் போயிருமே! அதுவுமில்லாம, நீ பேசிட்டிருக்கறப்ப நடுவுல தொந்தரவு பண்ணலாமா? முடியட்டும்னு இருக்கறோம். இப்ப பேசாத, மாமியார் வர்ற கட்டம்."

மாமியாரும் ஸ்வர்ணாதான். வாயைப் பொத்திக்கொண்டு, தன் குரலையே ஊராரோடு நின்று கேட்டாள்.

நாடகம் முடிந்து, டேப்பில் அவள் "வணக்கம்" சொன்னாள். அடுத்த நொடி கார்க் கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மரகதம் ஆன்ட்டிகூடப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஸ்வர்ணாவும் வீட்டுக்குள் ஓடி, நிலையத்துக்கு டயல் செய்தாள். எங்கேஜ்டு. மறுபடி செய்தாள். எங்கேஜ்டு. ரிசீவரை வைக்க மனமில்லாமல், அந்த எங்கேஜ்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டு அழுதபடி நின்றாள்.