லூர்துராஜ் காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேர்

விளாங்குடி லூர்துராஜ் மாதிரி நேர்மையான மனிதனை மதுரையில் வலைபோட்டுத்தான் தேட வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் மீதிச் சில்லறையில் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால், பின்னாலேயே ஓடிப் போய்த் திருப்பிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு முருங்கைக்காய் இவர் வீட்டுப் பக்கம் தொங்கினாலும் கேட்காமல் பறிக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் பத்து வருஷம் திருட்டு சாப்ட்வேரில்தான் பிழைப்பு நடத்தினார். கேட்டால், "எல்லாரும் வச்சிருக்காக, நானும் வச்சிருக்கேன். இதுல என்னண்ணே திருட்டு?" என்பார்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்வது அவர் தொழில். விவசாயி வீட்டில் படுத்தபடியே செல்போனில் கிணற்று மோட்டாரைப் போடவும் அணைக்கவும் உதவுகிற பச்சை அட்டை அது. செம்புக் கோடுகள் எங்கெங்கே ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால் பெங்களூரில் அட்டையை அச்சடித்துத் தருவார்கள். வந்ததும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாகங்களைப் பற்றவைப்பார். அந்தப் பாகங்களை விற்கிறவன் நான். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. அவருடைய எல்லாப் புலம்பலும் என் கவுண்ட்டரில்தான் நடக்கும் என்பதால் இந்தக் கதையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

வருஷா வருஷம் வீடு மந்திரிக்க வரும் ஃபாதர், அந்தக் கம்ப்யூட்டர் மேலும் ரெண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். கிராக் போட்ட சாப்ட்வேருக்கு ஆசீர்வாதம் வேறு! அது தை மாதக் கடைசி வரை ஜம்மென்று ஓடியது. மகள் ஜெனிஷா ஒத்தக்கடைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்காக வீட்டில் வைஃபை போட்டதும், அதுவரை இன்டர்நெட் இல்லாமல் கிடந்த கம்ப்யூட்டரும் போய் அதில் ஒட்டிக்கொண்டது. உங்கள் லைசென்ஸ் செல்லாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. சாப்ட்வேர் பூட்டிக்கொண்டது.

பூட்டிக்கொண்ட நேரம்தான் அழகு. மேலூரில் மோட்டார் கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமி அப்போதுதான் புது மாடலில் முந்நூறு போர்டு கேட்டிருந்தார். பங்குனி முதல் தேதிக்குள் சரக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கோயம்புத்தூர்க்காரனிடம் வாங்கிக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மனைவி ஆனிமேரியும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் முன்னறைப் பட்டறையை மூடிவிட்டு, ஆனிமேரியின் தம்பி இம்மானுவேலிடம் சிசிடிவி கேமரா மாட்டுகிற வேலைக்குப் போக வேண்டும்.

"மச்சினன்ட்டப் போயிக் கைகட்டி நிக்கிறதுக்கு வைகையில குதிக்கலாம்ணே."

"குதிச்சா முட்டிதான்யா பேரும். தண்ணி எங்க இருக்கு?" என்றேன்.

அசல் சாப்ட்வேரின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று என் கடை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "வருசத்துக்கு ரெண்டரை லட்சமாம்ணே! எம் பட்டறையை வித்தாக்கூட ஆறு மாசத்துக்குத்தான் காணும்." அதே கம்பெனி ஒரு சாம்பிள் சாப்ட்வேர் தருகிறது. அதில் உள்ளங்கை அளவுக்கு மேல் போர்டு வரைய முடியாது. நம்ம ஆள் விடுவாரா? தன் போர்டை நடுவில் பிளந்து ரெண்டாக வரைந்து, வயர் போட்டு இணைத்து, கண்ணுச்சாமி கடைக்கே சோதனைக்குக் கொண்டுபோனார். மோட்டார் ஓடிய அதிர்வில் ஒரு வயர் கழன்றது. அணைத்த மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. "லூர்துண்ணே, மோட்டாருக்குப் பேய் கீய் பிடிச்சிருச்சா? போயி மந்திரிச்சுக் கொண்டாங்க" என்று கண்ணுச்சாமி கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே சிரித்தாராம்.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவரிடம் ஜெனிஷா லேப்டாப்பை நீட்டினாள்.

"அப்பா, இது சும்மாவே கெடைக்குதுப்பா. உலகம் பூரா யூஸ் பண்றாங்க. எம்புட்டுப் பெரிய போர்டுன்னாலும் வரையலாம். எங்க காலேஜ் லேப்ல இதான். ஒக்காருங்க, ஒரு வாரத்துல முடிச்சிரலாம்."

"சும்மா குடுக்குறவன் எதுக்கும்மா சும்மா குடுக்குறான்? உள்ள எதையாச்சும் ஒளிச்சு வச்சிருப்பான். ஒனக்கென்ன தெரியும், போயிப் படி."

இதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடிய பொருளைப் பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனிதர், ஒருவன் மனதாரக் கொடுப்பதைப் பத்து நிமிஷம் நம்ப மாட்டேன் என்கிறார். "ஏன்யா, வெல எழுதியிருந்தாத்தான் திருடக்கூட மனசு வருமோ?" என்று கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இன்னும் பெரிய கூத்து. தவக்காலமாயிற்றே, பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருக்கிறார். எல்லாப் பாவத்தையும் சொல்லி முடித்து, கடைசியில் சாப்ட்வேரையும் சொன்னாராம். ஃபாதருக்கு அது என்னவென்று விளங்கியதோ இல்லையோ, வெளியே வரிசை நீளமாக இருந்திருக்கிறது. திருட்டுப் பொருளை விட்டுவிடு, இனி எதையும் நியாயமாக வாங்கு என்று சொல்லி, பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். மந்திரத்தை அங்கேயே முழங்காலிட்டு முடித்தவர், 'வாங்கு' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"சாமியாரே சொல்லிட்டாருண்ணே, வாங்கணும். சும்மா எடுத்தா அது எப்படிப் பரிகாரமாகும்? காசு குடுத்து, பில்லு வாங்கணும்."

"ஒம் மக காட்டுனது திருட்டு இல்லையேய்யா!"

"காசு குடுக்காம எடுத்தா மனசு ஒப்பலண்ணே." இந்த மனசு பத்து வருஷம் எந்த ஊருக்குப் போயிருந்ததோ!

பில்லோடு விற்கிறவனைத் தேடி மேலும் ஒரு வாரம் அலைந்தார். கடைசியில் எங்கள் சந்திலேயே மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகேஷிடம் போய் நின்றார். சும்மா கொடுத்தால் வேண்டாம், விலையோடு வேண்டும், ஆனால் விலை கம்மியாக வேண்டும் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். முகேஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வாங்கண்ணே, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்றான். மறுநாள் 'சர்க்யூட் கிங்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பென் டிரைவும், ஆயுள் லைசென்ஸ் என்று எழுதி முத்திரை குத்திய பில்லும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வந்தன. லூர்துராஜ் அந்தப் பில்லை லேமினேட் செய்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார்.

நியாயமாகச் சொல்கிறேன், சாப்ட்வேர் நன்றாகவே இருந்தது. ஒரே வாரத்தில் போர்டை வரைந்து முடித்தார். கோடுகள் ஒவ்வொன்றும் அத்தனை சுத்தம். பெங்களூரிலிருந்து முதல் அட்டை வந்து, அதைப் பற்றவைத்து எடுத்துக்கொண்டு அவர் மேலூர் போனபோது பங்குனி ஏழு ஆகியிருந்தது. கண்ணுச்சாமி கடையில் கோயம்புத்தூர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் போர்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டாரில் மாட்டியும் பார்த்தார்.

"அவன் போர்டை விட இது நல்லாருக்குண்ணே, பொய் சொல்லல. ரெண்டு வாரம் முந்திக் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

முந்நூறு போர்டுக்காக என்னிடம் வாங்கிய பாகங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி லூர்துராஜ் எனக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலம் விளாங்குடிக்குப் போனேன். ஆனிமேரி தம்பிக்குப் போன் போட்டு, "திங்கக்கெழமை வந்துருவாருடா. ஏணியெல்லாம் ஏறுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லூர்துராஜ் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. எத்தனை கேலி செய்தாலும் அந்த மனிதனின் கை சுத்தமான கை. அந்தப் போர்டைப் பார்த்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஜெனிஷா காலேஜிலிருந்து வந்து பையை வைத்தாள். கம்ப்யூட்டரில் திறந்திருந்த போர்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் திரையையே உற்றுப் பார்த்தவள் உட்கார்ந்து, மேலே எதையோ அழுத்தினாள். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் சர்க்யூட் கிங் இல்லை, வேறு பேர் இருந்தது.

"அப்பா, இது நான் காட்டுனதேதாம்ப்பா. மேல ஸ்டிக்கர் ஒட்டி வித்திருக்கான்."

"அதெப்படி? பில்லு இருக்குல்ல" என்றார் லூர்துராஜ். சொல்லிக்கொண்டே திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்கிய பில்லைக் கையால் காட்டினார்.

ஆனிமேரி போனை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நீ இதை எப்பக் காட்டுன?"

"சாம்பல் புதன் அன்னைக்கிம்மா."

ஆனிமேரி காலண்டரில் அன்றிலிருந்து வாரங்களை விரலால் எண்ணிவிட்டுப் புருஷனைப் பார்த்தார். ஜெனிஷாவுக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் சொன்னப்பக் கேக்கல. அவன் சொன்னதும் கேட்டீங்க. நானும் நாலாயிரத்து ஐந்நூறு வாங்கிட்டுச் சொல்லியிருக்கணும்ப்பா."