பின்விளக்குக்குள் ஒரு கமரா

இத்தாலியின் பலேர்மோவில் என்னை ஒரு வெள்ளை வான் துரத்துகிறது என்று நான் முழுமனதாக நம்பிய ஒரு மாரிகாலம் இருந்தது. இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை, வயிற்றுப்போக்குத்தான் வந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நானும் ஒரு அண்ணையும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. வன்னியிலிருந்து போர் முடிந்த பிறகு வந்தவர், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. வீட்டு ஒப்பந்தம் அவருடைய பேரில் இருந்தது. நான் தீவுப்பகுதி ஆள். வியா லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையல், துப்புரவு, அவருடைய பூனைக்கு மருந்து கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவியைக் கூப்பிட முக்கியமாக இரண்டு தாள்கள் வேண்டியிருந்தன. ஒன்று சிஞ்ஞோரா தந்த வேலை ஒப்பந்தம். மற்றது, என் மனைவி இந்த வீட்டில் வந்து இருக்கலாம் என்று அண்ணை கையெழுத்திட்டுத் தரவேண்டிய பத்திரம். முதலாவது கையில் இருந்தது. இரண்டாவதற்கு அண்ணை ஓம் சொல்லியிருந்தார், ஆனால் நல்ல நாள் பார்க்கிறவர் போல ஒவ்வொரு கிழமையும் தள்ளிக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டி நாலு வருடத்தில் நானும் மனைவியும் ஒன்றாக இருந்தது ஐந்து கிழமை. அதனால் அந்த மாரியில் எனக்கு இருந்த கடமை ஒன்றே ஒன்று: தாள்கள் சேரும்வரை கை கால் முறியாமல் இருப்பது. கால் முறிந்தால் வேலை போகும், வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் அவள் வரமாட்டாள்.

இந்த நிலையில்தான் அந்த வான் வந்தது. பின்னேரம் ஐந்து மணியளவில் சைக்கிளில் வீடு திரும்புவேன். துறைமுக மதிலோரமாக வரும்போது முதல் தடவை அதன் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிக்கொண்டு போனது. சரி, பலேர்மோதானே என்று விட்டேன். மூன்றாம் நாள் அதே வான், அதே இடம், ஒரு சாண் இடைவெளி. அடுத்த கிழமை என்னை ஓரத்துக்கே தள்ளிவிட்டது. மிதிகட்டை கல்லில் உரசித் தீப்பொறி பறந்தது. கோதாரி பிடிச்சவன் என்று கத்தினேன். தமிழில் கத்தியது அவனுக்கு விளங்கியிருக்காது.

சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் பூனையைத் தடவிக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்டார்: “தார்கா இருக்கிறதா?” தார்கா என்றால் வண்டியின் இலக்கத்தகடு. அது இல்லாமல் பொலிசுக்குப் போனால் சிரிப்பார்கள், அதோடு உன்னுடைய பெர்மெஸ்ஸோவையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்றார். என் வதிவிட அனுமதி சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதை யாராவது திருப்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அன்றிரவு சாப்பிடும்போது அண்ணைக்கும் சொன்னேன். அவர் பாணைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்தினார்.

“வெள்ளை வானோ?”

“ஓம் அண்ணை.”

“கண்ணாடி கறுப்போ?”

“பாக்கேல்லை.”

“உள்ளுக்கை எத்தினை பேர்?”

வேறு எந்த நாட்டுக்காரனும் முதலில் அடிபட்டதா என்று கேட்டிருப்பான். எங்கள் ஊரில் வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வந்ததில்லை, அதனால் எங்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அடேய் விசரா, சட்டி கழுவுகிற உன்னைத் தேடி யாரடா இத்தாலிக்கு வான் அனுப்பப் போகிறான் என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஏசியும் நித்திரை வரவில்லை.

மனைவியிடம் தொலைபேசியில் கமரா வாங்கப் போகிறேன் என்றேன்.

“இஞ்சேருங்கோ, கமரா என்ன செய்யும்? நீங்கள் விழுந்து கிடக்கிறதை வடிவாப் படம் பிடிக்குமே? முதல்லை தலைக்கு ஹெல்மெற்றை வாங்குங்கோ.”

ஹெல்மெற்றையும் வாங்கினேன், கமராவையும் விடவில்லை. நிலையத்துக்குக் கிட்டே ஒரு பங்களாதேஷ்காரர் மின்சாமான் கடை வைத்திருந்தார். அங்கே நான்கு பின்னேரங்கள் போய் நின்று மனிதரின் உயிரை வாங்கினேன். பெட்டியில் எழுதியிருந்த எதையும் நான் நம்பவில்லை. தண்ணீர் புகாது என்று போட்டிருந்த ஒன்றைக் கடைக் குழாயில் பிடித்துக் காட்டச் சொன்னேன். அவர் பிடிக்கவில்லை, அத்தோடு அது சரிவராது என்று தெரிந்துகொண்டேன். இன்னொன்றை வாசலுக்குக் கொண்டுபோய் ஓடும் கார்களைப் பிடித்துப் பார்த்தோம். நின்ற கார்களின் இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. ஓடிய கார்களின் இலக்கம் மழையில் நனைந்த கடிதம் போல இருந்தது. நின்ற கார் என்னை இடிக்கப் போவதில்லையே! ஒரு விநாடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்பதுதான் முக்கியம் என்று அந்த மனிதர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் லாபத்துக்காகச் சொல்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கைபிடியில் பூட்டுவது, பார்த்தாலே கமரா என்று தெரியும். மற்றது சைக்கிளின் பின்விளக்கு. சிவப்பாக மினுங்கும், அதற்குள் ஒரு பொட்டளவு கண்ணாடி. பின்னால் வருகிற வண்டியின் இலக்கத்தையும் ஓட்டுகிறவனின் முகத்தையும் பிடிக்கும். சைக்கிள் நின்று விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடத்துக்குப் படத்தையும் சத்தத்தையும் பதிந்துகொண்டே இருக்கும், இடித்துவிட்டு இறங்கி வருகிறவனையும் பிடிப்பதற்காக. உள்ளே இருக்கிற நினைவக அட்டை நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும்.

கடைக்காரர் கைபிடிக் கமராவைத்தான் எடுக்கச் சொன்னார். கண்டால் சாரதிகள் பயந்து விலகிப் போவார்கள் என்பது அவருடைய நியாயம். என் நியாயம் வேறு. கமரா என்று தெரிந்தால் கள்ளன் கழற்றுவான். இந்த ஊரில் என் சைக்கிளின் சீற்றையே ஒரு தடவை கழற்றிக்கொண்டு போனவர்கள். அதோடு, பயந்து விலகிப் போகிறவனின் முகத்தை நான் எப்படிப் பிடிப்பது? எனக்கு அவன் யாரென்று தெரிய வேண்டும். பின்விளக்கை வாங்கினேன்.

சைக்கிளை நாங்கள் வெளியே விடுவதில்லை, இரண்டு மாடி தூக்கிக்கொண்டுவந்து வீட்டு நடையில் சாத்தி வைப்பேன். முதல் நாளே அண்ணை கண்டுவிட்டார்.

“உது என்ன தம்பி, புதுசா?”

“லைற் அண்ணை. பின் லைற்.”

பொய் என்று சொல்ல முடியாது, விளக்குத்தான். ஆனால் வாய் ஏன் அங்கேயே நின்றது என்று எனக்குத் தெரியும். அண்ணைக்குக் கமரா ஆகாது. கோவில் திருவிழாவில் யாராவது தொலைபேசியை உயர்த்தினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பார். இலக்கத்தைப் பிடித்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம், இப்போது சொல்லிக் கையெழுத்தை இன்னும் தள்ளிப்போடச் செய்வானேன் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு எனக்கு மிகப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வான் வந்தது. உரசாமல் போனாலும் காற்று என்னைத் தள்ளியது. ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் என் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்து அண்ணையைக் கூப்பிட்டேன். கமராவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது. ஆனால் வானைப் பார்க்கும் ஆசை அவருக்கும் என்னளவு இருந்தது, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படத்தில் துறைமுக மதில் பின்னோக்கி ஓடியது. வான் சின்னப் புள்ளியாகத் தோன்றிப் பெருத்து வந்தது. நிறுத்தினேன். இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள், எழுபது வயது இருக்கும். தடித்த கண்ணாடி போட்டு, ஸ்டியரிங்கில் நெஞ்சு முட்டக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பாதையைத் தேடிக்கொண்டிருந்தார். ஹோட்டல்களுக்கு வெளுத்த விரிப்புக் கொண்டுபோகிற வான் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. பாவி மனிதருக்குக் கண் தெரியவில்லை!

அண்ணை வெடித்துச் சிரித்தார். “எட தம்பி, உந்தக் கிழவனுக்கே நாங்கள் இவ்வளவு நாளும் பயந்தது!” எனக்குக் கண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் கணினியை மூடப் போனேன். அண்ணை கையைப் பிடித்தார்.

“பொறும். பின்னாலை வேறை ஆரும் வருகினமோ எண்டு வீடுமட்டும் பாப்பம்.”

அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்தேன். ஸ்கூட்டர்கள் வந்தன, ஒரு பஸ் வந்தது, எங்கள் ஒழுங்கை வந்தது. படியில் கமரா குலுங்கியது. பிறகு வீட்டு நடை, சப்பாத்துகள், ஒரு முக்காலி. தூரத்தில் நான் குளிக்கிற தண்ணீர்ச் சத்தம். முக்காலியில் இரண்டு கால்கள் வந்து அமர்ந்தன. அவை அண்ணையின் கால்கள். நடையில்தான் வைஃபை நன்றாக வரும். நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் அவர் தன் மனைவியோடு கதைப்பார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அவருடைய மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. திரும்பவும் இரண்டு பேர் வந்து விசாரித்தார்களாம். மகளைப் பள்ளிக்கூட வாசலில் மறித்து அப்பா எங்கே என்று கேட்டார்களாம். “கட்டாரிலை எண்டு சொல்லச் சொல்லு, வேறை ஒண்டும் கதைக்க வேண்டாமெண்டு சொல்லு,” என்றது அண்ணையின் குரல். அந்த அம்மா பேச்சோடு தங்கள் ஊரின் பேரைச் சொன்னார். அண்ணை தன் ஊர் என்று எனக்குச் சொல்லியிருந்த பேர் அது இல்லை.

நான் கேத்திலோடு நின்றேன். அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“லைற் எண்டெல்லோ சொன்னனீர்?”

“அண்ணை, நீங்கள் இதிலை இருந்து கதைக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாது. அது தானாப் பதியும். கடைக்காரனைக் கேட்டுப் பாருங்கோ.”

“எத்தினை நாள்?”

“ஒன்பது.”

அவர் முன்னாலேயே அத்தனையையும் அழித்தேன், கிழவரின் இலக்கத்தையும் சேர்த்து. அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டிய துண்டுகளை அவர் எண்ணிப் பார்த்தார்.

“வேறை கொப்பி எடுத்து வைச்சனீரோ?”

“கொப்பி இல்லை அண்ணை.”

“இல்லையெண்டு எப்பிடிக் காட்டுவீர்?”

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? கணினியைத் தூக்கி அவர் பக்கம் தள்ளி, நீங்களே தேடுங்கோ என்று கத்தினேன். அவர் தேடவில்லை. ஒளித்து வைக்கிற கமராவைத் தேடி வாங்கியவன் கொப்பியையும் ஒளித்து வைப்பான்தானே என்று அவர் நினைத்திருப்பார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கைபிடியில் பூட்டுகிற கமராவை வாங்கியிருந்தால் முதல் நாளே கழற்றச் சொல்லியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் வேளைக்குச் சமைத்து அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். தொலைபேசியோடு கால்சா என்கிற பகுதிக்குப் போய்க் கடற்கரையில் நின்று கதைத்துவிட்டு வருவார். பத்திரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் கேட்டாள், அண்ணை கையெழுத்து வைச்சிட்டாரோ என்று. நாளைக்கு, நாளைக்கு என்றேன். பின்விளக்கைக் கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். வெள்ளை வான் வழமைபோல வந்தது. தூரத்திலே கண்டால் நடைபாதையில் ஏறி நின்று கிழவரைப் போகவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணை பயணப் பையோடு குசினிக்குள் வந்தார். மேசையில் ஒரு உறையை வைத்தார்.

“வீட்டுக்கார சிஞ்ஞோராவிட்டைக் கதைச்சிட்டன். ஒப்பந்தத்தை உம்மடை பேருக்கு மாத்த அவ ஓம் எண்டிட்டா. நான் கையெழுத்து வைச்சிட்டன். நீர் போய் வைச்சாச் சரி. இனி ஆரிட்டையும் பத்திரம் கேக்கத் தேவையில்லை, மனுசியைக் கூப்பிடும்.”

“நீங்கள் எங்கை போறியள் அண்ணை?”

“ஜெனோவாப் பக்கம்.”

“என்னாலையோ?”

அவர் பையைத் தோளில் போட்டார். “நீர் பிழையான ஆள் எண்டு நான் சொல்லேல்லை, தம்பி. ஆனா எனக்கு இனி இஞ்சை நித்திரை வராது.”

மறிக்க வேண்டும் போல இருந்தது. காலில் விழுந்தாவது மறித்திருக்க வேண்டும். அந்த உறை மேசையில் கிடந்ததால் நான் மறிக்கவில்லை. வாசல்வரை போனேன். அவருடைய காலடிச் சத்தம் படிகளில் இறங்கி, கீழ்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, அவர் எனக்கு முன்பு எழுதித் தந்திருந்த ஒரு பழைய வாடகைச் சீட்டைத் தேடி எடுத்து, உறைக்குள் இருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.