மேல் வாசலை மறித்த தூண்

கட்டடங்களை அளந்து வரைந்து கொடுப்பது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக அதே அளவு நாடா, அதே முதுகுவலி. செடெனாக் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய பானை, ஓட்டுத் தொழிற்சாலையைப் பழுதுபார்க்கப் போகிறார்கள், வரைபடம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இன்னொரு ஓட்டைக் கொட்டகை என்று சலித்துக்கொண்டுதான் போனேன்.

போய்ப் பார்த்தால், மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருந்தது செங்கல் சூளை. அதற்கு மேலே படிப்படியாக ஏறும் கூரை. ஒவ்வொரு படிக்கும் இடையில் புகை வெளியேற ஓர் இடைவெளி. கூரையில் கிடந்ததெல்லாம் சூட்டில் கோணிப்போய் விற்க முடியாமல் ஒதுக்கிய ஓடுகள். ஊருக்கெல்லாம் நல்ல ஓடு அனுப்பிவிட்டுத் தங்கள் தலைக்கு மேலே கோணலைப் போட்டுக்கொண்ட அந்த ஆட்களை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

சூளைக்குள் ஓடு அடுக்கும் அக்கா ஒருவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அடியில் நெருப்பு மூட்டும் வாயிலிருந்து கூரையைத் தாங்கும் ஆறு தூண்கள் வரை அளந்தோம். எல்லாம் ஒரே இடைவெளி. வெயில் மண்டையைப் பிளந்தது. என் முழங்கால் அதற்கு மேல் ஏற மறுத்தது.

“மேல வாங்க, இன்னும் நெறைய தூண் இருக்குலா,” என்றார் அக்கா.

“பரவால்லக்கா. எல்லாம் ஒரே மாதிரிதான்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்த ஆறு தூண்களையும் நகலெடுத்து மேடு முழுக்க நட்டேன். நிமிஷத்தில் முடிந்த வேலை. பார்க்கவும் அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

பழுது வேலை முடிந்த பிறகுதான் மறுபடி போனேன். பழைய தூண்களைக் கரையான் தின்றிருந்ததால் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். புதுத் தூண்கள் என் வரைபடத்தின்படி ஓர் அங்குலம் பிசகாமல் நின்றன. சரிவில் ஏறினேன். மேல் பாதியில் சூளையின் பக்கவாட்டில் மூன்று வாசல்கள் இருந்தன. ஓடுகளை உள்ளே கொண்டுபோகும் வழி அதுதான். மூன்றாவது வாசலுக்கு நேர் எதிரே, ஒரு முழம்கூடத் தள்ளாமல், ஒரு தூண் நின்றது. பக்கத்தில் மூடப்பட்ட பழைய தூண் குழிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கட்டியவர்கள் வாசல் வரும் இடங்களில் தூண்களை அகட்டி வைத்திருக்கிறார்கள், தோளில் ஓட்டுப் பலகை சுமந்து வருபவர் திரும்புவதற்கு. நான் அதைத்தான் அளக்காமல் விட்டிருக்கிறேன்.

பழுது வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரரிடம் தூணைக் காட்டினேன்.

“ஐயோ அலமாக், ப்ளான்ல இருக்கறபடிதானே செஞ்சோம். அப்ரூவல் ஆயிடுச்சு, சிமெண்ட்டும் போட்டாச்சு. இனிமே எதுவும் செய்ய முடியாதும்மா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து அக்கா தோளில் பலகையும் அதில் இன்னும் சுடாத பச்சை ஓடுகளுமாக மேலே வந்தார். தூணருகில் நின்றார். பலகையைத் தரையில் இறக்கினார். இரண்டிரண்டு ஓடாகக் கையில் எடுத்து, உடம்பை ஒருக்களித்து, இடுக்கில் நுழைந்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். மறுபடி குனிந்தார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

“கஷ்டமா இருக்காக்கா?”

“என்ன செய்யறது. அந்தக் காலத்து ஆளுங்க தூண தப்பா வச்சிட்டாங்களாம். இப்ப படிச்சவங்க அளந்து சரி பண்ணியிருக்காங்க,” என்றார்.

பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் செத்துப்போன அந்தக் கோணல் ஓட்டுக்காரர்கள் மேல் என் பழியைச் சுமத்த மனசு வரவில்லை.

“அவங்க சரியாத்தான் வச்சாங்க. நான்தான் அளக்கலக்கா.”

அக்கா என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன்.

“அன்னைக்கே மேல வாங்கன்னு கூப்பிட்டேனே,” என்றார்.

அப்புறம் இரண்டு ஓடுகளை எடுத்துக்கொண்டு, ஒருக்களித்து, உள்ளே போனார்.