திட்டத் தெரிந்த வாடிக்கையாளர்

திண்டிவனத்து கேஸ் ஏஜென்சியில் பில் போடும் வேலைக்குத்தான் பானுப்ரியா சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்தவள். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவாள். ஜன்னலோரம் கிடைத்தாலும் வெளியே பார்க்கமாட்டாள். போனில் எதையாவது நோண்டிக்கொண்டே வருவாள். நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும், அவர்கள் எழுந்து போகாமல் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கவுண்டரில் உட்கார்ந்தால் அது எப்படி நடக்கும்?

சிலிண்டர் போடும் ஆட்களுக்கு முதலாளி ஜெகதீசன் ஆன்லைனில் பாதுகாப்புப் பயிற்சி ஏற்பாடு செய்திருந்தார். அவர்களோ வண்டியில் போனை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பாடம் தானாக ஓடி முடிந்தது, எல்லாரும் பாஸ். மறுவாரமே ஒரு வீட்டில் கசிவு பார்க்காமல் சிலிண்டரை மாட்டிவிட்டு வந்ததில் தெருவே நாறியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஏஐ வச்சு நான் வேற மாதிரி பண்ணித் தரட்டுமா சார்?" என்று போய் நின்றாள் பானு.

"வெள்ளிக்கிழமை பாக்கறேன். அதையும் ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போனாங்கன்னா, நீ பேசாம பில்லு போட்டுக்கினு இரு. பயிற்சி கியிற்சின்னு என்கிட்ட வராத."

அன்றே உட்கார்ந்து விட்டாள். கசிவு பார்க்கும் முறை ஆட்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்காரர்கள் பார்க்க விடுவதில்லை. அதனால் ஏஐ செயலியை ஒரு வீட்டுக்கார அம்மாவாகப் பேசவைத்தாள். அந்த அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தால்தான் பாடம் முடியும்.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக ஆனந்தராஜ் போனை வாங்கினார். இருபது வருடமாகத் தோளில் சிலிண்டர் தூக்குகிறவர்.

"வணக்கம். தாங்கள் பொறுமையாகச் சோதித்துவிட்டுச் செல்லுங்கள். மிக்க நன்றி" என்றது போன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இந்தம்மா எந்தத் தெருன்னு சொல்லு பானு, அங்கியே குடி போயிடறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் ஆனந்தராஜ்.

பானுவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நகரவில்லை. "சரிண்ணா, நிஜமா என்ன சொல்லுவாங்க? உங்களத் திட்டினதெல்லாம் சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். வாங்கிய திட்டுகளை இவ்வளவு ஆசையாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அத்தனையையும் ரயிலில் உட்கார்ந்து செயலிக்கு ஊட்டினாள். விழுப்புரம் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்து சீட்டுக்காரர்தான் சொல்லி இறக்கிவிட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை. முதலாளி பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"ஏம்பா, புக் பண்ணி எத்தினி நாளாச்சு, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று போன் எடுத்த எடுப்பில் எகிறியது. "அடுப்புல பால் இருக்குது. வச்சிட்டு ஜல்தியா கெளம்பு."

ஆனந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம்மா, லீக் பாத்துட்டுப் போயிடறேன்."

"உன் பேஜாரு பெரும் பேஜாரா இருக்குது. போன தடவ வந்தவரு பாக்காமத்தான போனாரு?"

"அவரு பண்ணது தப்பும்மா. கொழந்தைங்க இருக்கற வீடு. பாலை எறக்கி வைங்க, நானே பாத்து மாட்டித் தர்றேன்."

"சரி, உள்ள வா" என்றது போன். விசில் பறந்தது. டீக்கடைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"குடு, நான் பேசறேன்" என்று முதலாளி கை நீட்டினார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். அரை நிமிடத்தில் போனிலிருந்த அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டாள். இரண்டாவது முறையும் சாத்தினாள்.

"சார், நகருங்க. என் முறை" என்றார் வரிசையில் நின்றவர்.

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பானுவைப் பார்த்தார். "கவுண்டருக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார்.