‘தேறியவர்’ பட்டியலில் என் மனைவி

நான் சின்ன விஷயத்துக்கே பயப்படுகிறவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதைப் பார்த்தாலும் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவன் காரிமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினேன். அதற்குக் காரணம் என் மனைவியின் முதுகுக்குக் கீழே இருந்த புண்.

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாக அவள் படுக்கையில் இருக்கிறாள். பேச்சு மட்டும் தெளிவாகத் திரும்பிவிட்டது. வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கும் சேவை ஒன்று எங்கள் பக்கம் நடக்கிறது. அதிலிருந்து ஒரு சிஸ்டர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவார், சிறுநீர்க் குழாயைப் பார்ப்பார். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண் அவர் கைப்பட்டு ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அப்போதுதான் வளர்ச்சி அலுவலர் வருகிறார் என்று அந்தச் சேவையிலிருந்து போன் வந்தது. யாருக்கு என்ன உதவி தேவை என்று வீடு வீடாகப் பார்த்து எழுதுவது அவர் வேலையாம்.

“ஆபீசரு வர்றப்ப நான் இப்படிக் கெடந்தா என்ன நெனைப்பாரு? என்னைத் தூக்கி உக்கார வைங்க” என்றாள் மனைவி.

“உக்காந்தா புண்ணு அழுந்துமே.”

“அரை மணி நேரத்துல செத்தா போயிடுவேன்? அந்தப் பச்சைச் சேலைய எடுங்க.”

எடுத்தேன். தலை சீவிப் பொட்டு வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தாள். துண்டால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, முந்தானையை இழுத்து மூடினேன். சிறுநீர்ப் பையை நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டு அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன். விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டுவது போலத்தான் அதையும் செய்தேன். புத்தி அவ்வளவுதான்.

அலுவலர் சின்ன வயசுக்காரர். நல்ல மரியாதையாகப் பேசினார். “பரவால்லையே, நல்லா உக்காந்திருக்காங்களே! தானா உக்காருவாங்களா ஐயா?” என்றார்.

உட்கார்ந்திருக்கிறவளைக் காட்டி இல்லையென்று எப்படிச் சொல்வது? “உக்காருவாங்க சார்” என்றேன்.

“சாப்பாடு?”

“எல்லாம் நல்லா இருக்குதுங்க. நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். உதட்டுக்கு மேலே வியர்வை முத்து முத்தாக நின்றது. எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. போட்டோ எடுத்தார், டீயைக் குடித்தார், அவள் சொன்னாளென்று நான் கட்டிக்கொடுத்த தக்காளிப் பையையும் வாங்கிக்கொண்டு போனார். துண்டை அவிழ்த்து அவளைப் படுக்க வைத்தபோது சேலையில் ரத்தம்.

அடுத்த செவ்வாய் சிஸ்டர் வரவில்லை. போன் செய்தேன்.

“அண்ணா, அக்கா பேரைத் தேறியவர் பட்டியல்ல போட்டுட்டாங்க. இனி மாசம் ஒருக்காதான் வர முடியும்.”

“நீங்கதான வாரா வாரம் புண்ணப் பாக்கறீங்க? நீங்க சொல்லக்கூடாதா சிஸ்டர்?”

“சொன்னேன் அண்ணா. ஆபீசரு எழுதறதுதான் கணக்காம். அந்தப் பாரத்துல நான் எழுத எடமே இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் தவறாமல் புண்ணைக் கழுவுகிறவருக்கு எழுத இடமில்லை. ஒரு நாள் வந்து டீ குடித்தவர் எழுதியதே கடைசி முடிவு. இரண்டு வாரத்தில் புண் மறுபடி அகலமாகி நாற்றம் எடுத்தது. நான் கட்டும் கட்டு நிற்கவில்லை. இந்த நாற்றத்தோடேயே அவள் போய்விடுவாளோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வளர்ச்சி அலுவலர்களின் வேலையைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை மனைவிக்குக் காவல் வைத்துவிட்டுக் காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். கூட்டத்தை நடத்திய மேடம் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அலுவலர் நேரத்துக்கு வந்தாரா? மரியாதையாகப் பேசினாரா? ஆமாம், ஆமாம் என்பதைத் தவிர எதுவும் எழுத முடியாது. புண்ணைப் பார்த்தாரா என்று ஒரு கேள்வி இல்லை.

தாளை மடித்துவிட்டு எழுந்தேன். “மேடம், எங்க வூட்டுக்காரிய நாற்காலில கட்டி வெச்சிருந்தேனுங்க. அதப் பாத்துட்டுத் தேறிட்டாங்கன்னு எழுதிட்டாரு” என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு பெண் பேசினாள். “எங்க மாமனாருக்கும் சவரம் பண்ணி வேட்டி கட்டி விட்டோமுங்க. மாப்பிள்ளையாட்டம் இருக்காருன்னு சொல்லிட்டுப் போனாரு. பொண்ணு பாக்கறதுதான் பாக்கி!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த அந்த அலுவலர் எழுந்தார். “ஐயா, தானா உக்காருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன் சார். நான் பயந்தவன், படிக்காதவன். நீங்க படிச்சவரு. கட்டில்ல ஏன் புண்ணுக்குப் போடற காத்து மெத்தை கெடக்குதுன்னு கேட்டிருக்கலாமில்ல? சிஸ்டர ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

வரும் செவ்வாய் சிஸ்டரோடு நேரில் போய்ப் பாருங்கள் என்று மேடம் அலுவலரிடம் சொன்னார்.

செவ்வாயன்று வந்தார்கள். இந்தத் தடவை சேலையும் இல்லை, பொட்டும் இல்லை. பழைய நைட்டியில் படுத்திருந்தாள். சிஸ்டர் அவளைப் புரட்டிக் கட்டைப் பிரித்ததும் அலுவலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“திரும்பாதீங்க தம்பி” என்றாள் மனைவி. “அன்னைக்குப் பாக்காமதான எழுதுனீங்க. இன்னைக்குப் பாத்துட்டு எழுதுங்க.”

அவர் பார்த்தார். “சாரிம்மா” என்றார். அங்கேயே நின்று பாரத்தை மாற்றி எழுதினார். வாரம் இரண்டு தடவை சிஸ்டர் வரவேண்டும் என்று போட்டார்.

அவர்கள் போன பிறகு கஞ்சி கொண்டுபோனேன். வாங்க மறுத்தாள்.

“சிஸ்டர் சொன்னா பத்தாதா? என் முதுகை அந்தப் பையன் பாத்தாத்தான் நம்புவாங்களா? இதுக்கா கூட்டத்துல போயிக் கத்துனீங்க?”

கஞ்சியை மூடி வைத்தேன். புண் ஆறத் தொடங்கியிருக்கிறது. மேடத்துக்கு இதுவரை மூன்று தடவை போன் செய்துவிட்டேன். அந்தப் பாரத்தில் சிஸ்டர் எழுத ஒரு வரி இடம் விடுங்கள் என்று கேட்கிறேன். மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம் என்கிறார். நாளைக்கும் போன் செய்வேன்.