வைடாகரே மலைக்காட்டில் குளிருக்கு நான் சொன்ன தப்பான வார்த்தை

ஆக்லாந்துக்கு வந்து எட்டு மாதமாகியும் நானும் என் கணவர் கார்த்திக்கும் காடு பக்கம் போகவில்லை. போன ஜூலையில் (இங்கே அது குளிர்காலம்), மழை விட்ட ஒரு சனிக்கிழமை, வைடாகரே மலைக்காட்டுக்குக் கிளம்பினோம். ஏவன்டேலில் எங்கள் வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர், காரில் 35 நிமிடம். நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்கும் இலவசம். வெப்பநிலை 9 டிகிரி. ஊட்டியில் ஐந்து டிகிரியைப் பார்த்த தைரியம் எங்களுக்கு.

10.15-க்கு நடக்கத் தொடங்கினோம். நான்கு கிலோமீட்டர் தாண்டி, ஓடையைக் கடக்கும்போது கார்த்திக் வழுக்கி விழுந்து கழுத்துவரை நனைந்தார். மாற்றுத்துணி இல்லை. ஈர ஜீன்ஸோடு எதிர்க்காற்றில் ஒன்றரை மணி நேரம் திரும்பி நடந்தோம். பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுங்கினார். கார் நிறுத்துமிடத்தை எட்டியபோது நடுக்கம் நின்றிருந்தது. “இப்ப குளிரவே இல்ல” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சாவியை எடுக்கச் சொன்னால் பையைத் தடவிக்கொண்டே நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

1.15-க்கு அவசர உதவி எண்ணான 111-ஐ அழைத்தேன். “மை ஹஸ்பண்ட் இஸ் சில்லி” என்றேன். பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுகிற லேசான குளிருக்குச் சொல்வது அது!

“இஸ் ஹி ஷிவரிங்?” என்று கேட்டார் மறுமுனைப் பெண்.

“நோ, நோ, ஸ்டாப்டு!” சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் குரல் சட்டென்று மாறியது. “இஸ் ஹிஸ் ஸ்பீச் ஸ்லர்ட்?” எனக்குப் புரியவில்லை.

நான் கார்த்திக்கிடம் தமிழில் கத்துவதைக் கேட்டு, பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“தங்கச்சி, கதை குழறுதோ எண்டு கேக்கிறா.”

“ஆமா அக்கா, பேச்சு குழறுது. ஆனா நடுக்கம் நின்னுடுச்சே?”

“அதுதான் பயம். உடம்புக்கு நடுங்கவும் ஏலாமப் போச்சுது. ஈர உடுப்பைக் கழட்டுவம். அவரை நடக்க விடாதேங்கோ, தூக்குவம்.”

இருவரும் அவரைத் தூக்கி அக்காவின் காரில் படுக்கவைத்து, ஈரத்துணியைக் கழற்றி, போர்வை சுற்றி, ஹீட்டரைப் போட்டோம். “என் பேர் என்ன, சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சில தடவை பதில் வந்தது. சில தடவை வரவில்லை. ஆம்புலன்ஸ் வர 28 நிமிடம். மருத்துவமனையில் உடல் வெப்பம் 31.4 டிகிரி செல்சியஸ் என்றார்கள்; 37 இருக்க வேண்டியது. மறுநாள் மதியம்தான் வீடு திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: ஜீன்ஸ் வேண்டாம். ஒரு செட் உலர்ந்த துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இல்லை. சில்லி, கோல்ட், ஃப்ரீஸிங் என்று தரம் பிரிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. நனைந்தாரா, நடுங்குகிறாரா, பேச்சு குழறுகிறதா என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால், மற்ற எதற்கும் முன்னால் அதைச் சொல்லுங்கள்.