இரண்டு முள் வைத்த ஆம்ப்ளிஃபையர்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. யாரும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை. நேற்று மகனின் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து அந்த வாசனை வந்தது... கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தொண்ணூற்று நான்கு. விழுப்புரம் வீட்டுக் கூடம். நானும் மலர் அக்காவும்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். காலையில் ரயிலில் போய், மாலையில் பஸ்ஸில் திரும்புவேன். பையில் எப்போதும் வாக்மேன் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை அக்கா தலையில் மாட்டிவிடுவேன். பாதிப் பாட்டிலேயே கழற்றிக் கொடுத்துவிடுவாள். காது வலிக்குதுடி என்பாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. இன்னும் ஒரு மாதம்தான். அதற்குள் அவளோடு உட்கார்ந்து என் பாட்டுகளை ஒருமுறையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். ஹெட்போன்தானே வேண்டாம்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய ரேடியோ, டிவி விற்கும் ஒரு பாய் கடையில் அதைப் பார்த்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது வந்த ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர். வெள்ளி நிற முகம். அதில் இரண்டு கண்ணாடி ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். பாய் சுவிட்சைப் போட்டதும் உள்ளே மஞ்சள் வெளிச்சம் பரவியது. பாட்டு வந்ததும் முட்கள் துள்ளின. இடது ஸ்பீக்கருக்கு இடது முள், வலதுக்கு வலது.

"வீட்ல ப்ரீ-ஆம்ப் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

அது என்னவென்றே எனக்குத் தெரியாது. கடையில் நான்கைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டிகிரி படித்தவள் அல்லவா... இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன்.

சேர்த்து வைத்திருந்த சம்பளம் அதோடு போயிற்று. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் பஸ் கூரையில், ஆம்ப்ளிஃபையர் என் மடியில். விக்கிரவாண்டி வருவதற்குள் கால் மரத்துவிட்டது. என்னவென்று கேட்ட கண்டக்டரிடம் பாட்டுப் பெட்டி என்று சொன்னேன். மாவு மிஷினாட்டம் இருக்குதே என்றார்.

வீட்டில் இறக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வால்யூம் வைக்க ஒரு திருகு கிடையாது. ஒரு சுவிட்சும் இரண்டு முள்ளும்தான்.

"இன்னாடி இது, மூக்கே இல்லாத மூஞ்சிய வாங்கிக்கினு வந்திருக்க," என்றாள் அக்கா.

மறுநாள் பாய் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அதுக்குத்தாம்மா கேட்டேன், நீ ஜல்தியா தலைய ஆட்டிட்ட என்றார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி தனியாம். அதுதான் ப்ரீ-ஆம்ப். அதையும் வாங்க எனக்கு வழியில்லை. என் வாக்மேனைப் பார்த்தவர், அதிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போக ஒரு ஒயரை அவரே பற்ற வைத்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய இரும்பு, உள்ளங்கை அளவு வாக்மேனின் சின்னச் சக்கரத்துக்குக் கட்டுப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா வெளியே போயிருந்த நேரம். பஸ் இரைச்சலுக்காக முழுசாகத் திருப்பியிருந்த சக்கரத்தை மறந்து சுவிட்சைப் போட்டேன்... அலமாரியில் டம்ளர்கள் குதித்தன. சிரித்து ஓய்ந்து, சத்தத்தைக் குறைத்து, தரையில் உட்கார்ந்தோம். மெல்ல அந்தத் தூசி வாசனை வந்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. புல்லாங்குழல் எந்தப் பக்கம்? சரியாகச் சொன்னாள். வயலின்? அதுவும் சரி. ஆனால் பார்வை முள்ளிலேயே இருந்தது. இது கள்ளாட்டம் என்று சொல்லி, ஒரு துண்டால் இரண்டு முள்ளையும் மூடினேன். இப்போது சொல் என்றேன்.

அந்தப் பாட்டு முடியும்வரை தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாமே இந்தப் பக்கந்தான்டி கேக்குது," என்று வலது காதைத் தொட்டாள்.

சின்ன வயதில் சீழ் வைத்து இடது காது போய்விட்டதாம். நான் அப்போது கைக்குழந்தை. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. என்னிடமும்தான், மாப்பிள்ளை வீட்டாரிடமும்தான். அவள் இடது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, திமிர் பிடித்தவள் என்று எத்தனை நாள் கோபித்திருக்கிறேன்...

அன்று முதல் அவளுக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். சொன்னா கல்யாணம் நின்னுடும், வாய மூடிக்கினு இரு என்று முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் புடவை எடுப்பது பற்றிப் பேச மாப்பிள்ளை வந்தார். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துவிட்டு, போடுங்களேன் என்று ஆசையாகக் கேட்டார். போட்டேன். அக்காவுக்கு இடப்பக்கம் அவர் நாற்காலி. அம்மா அடுப்படியில் இருந்தாள். அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்காதுங்க. அந்த முள்ளு ஆடுறதப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கினு இருக்கேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அக்காவின் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப கேக்குதுங்களா?" என்றார்.

கல்யாணம் முடிந்து அந்த மாதமே அக்கா நாக்பூர் போய்விட்டாள்.

இருபது வருடம் ஆகிவிட்டது. தினமும் போனில் பேசுகிறோம். போனுக்கு ஒரு காது போதும். மகன் இயர்போனில் கேட்கிற பாட்டு அந்த ஆம்ப்ளிஃபையரைவிடச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்கும் தெரியாது.

நேற்று மாலை, இத்தனை வருடமாக என்னோடே இருக்கும் அந்த ஆம்ப்ளிஃபையரைத் துடைத்து, பாய் கொடுத்த ஒயரை வாக்மேனுக்குப் பதில் போனில் செருகி, சுவிட்சைப் போட்டேன். வலது ஜன்னலின் பல்பு போய்விட்டது. இடது முள் மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. பாட்டு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தபோதுதான் கவனித்தேன்... என் இடப்பக்கம், அக்கா உட்காரும் பக்கம், ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.